நோயாளி மட்டும் வீட்டுக்கு வந்தால் போதாது



மன்னார்த் தீவில் கடும் நோயாளி ஒருவரை வீட்டுக்குக் கொண்டுவருவது பற்றிப் பேசுவதானால் தூரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். நாட்டின் பெரிய புற்றுநோய் வைத்தியசாலையான அபேக்ஷா, மகரகமவில் இருக்கிறது. மன்னார் நகரிலிருந்து அங்கே போக 300 கிலோமீற்றருக்கு மேல். வடக்கில் தெல்லிப்பழை உண்டு. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து திரட்டிய பணத்தில் அங்கே புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது; 2013இல் திறக்கப்பட்டது. அதற்கும் விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம் என்று வடகரை முழுவதையும் கடந்து போக வேண்டும். தலைமன்னாரில் இருப்பவருக்கு மன்னார் நகருக்கு வருவதே ஏறத்தாழ 30 கிலோமீற்றர்.

இந்தத் தெருக்களில் மாதக்கணக்காக அலைந்த குடும்பத்தை ஒருநாள் வைத்தியர் கூப்பிடுகிறார். “இனிச் செய்ய ஒண்டுமில்லை. வீட்டை கொண்டு போங்கோ” என்கிறார். துண்டு வெட்டியாயிற்று. கையில் நோய் விபர அட்டையும் ஒரு பையில் குளிசைகளும் இருக்கின்றன. வாடகைக்குப் பிடித்த வானில் பின் இருக்கையைச் சரித்து, தலையணை வைத்து, நோயாளியைப் படுக்கவைக்கிறார்கள். மதவாச்சியில் திரும்பி, மடுச் சந்தி கடந்து, பாலம் ஏறித் தீவுக்குள் வரும்போது இருட்டிவிடுகிறது. ஒழுங்கை முழுக்க உறவினர். அவருக்கும் தன் கட்டிலைக் கண்டதில் சந்தோஷம்.

நடுச்சாமத்தில் நோ தொடங்குகிறது. கொடுத்த குளிசை கேட்கவில்லை. யாரிடம் கேட்பது? வீட்டிலிருப்போர் பதறிப்போய் 1990 என்ற இலக்கத்துக்கு அடிக்கிறார்கள். சுவசெரிய அம்புலன்ஸ் வருகிறது. 2016இல் தொடங்கி 2018இல் வடக்குக்கும் வந்த அருமையான இலவச சேவை அது. ஆனால் அதன் வேலை ஆளை வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது. ஒரே நாளில் அவர் மறுபடியும் வாட்டில். இப்படி வீட்டுக்கும் வாட்டுக்குமாக இழுபட்டே கடைசி நாட்கள் கழிந்துவிடுகின்றன. கடைசியில் அவர் கண்ணை மூடுவது, அவர் கேட்ட வீட்டிலும் அல்ல, சிகிச்சை தந்த வைத்தியசாலையிலும் அல்ல, இரண்டுக்கும் நடுவே ஓடுகிற வாகனத்தில்.

இந்த உரை மறுக்க வந்தது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். “இனிச் செய்ய ஒண்டுமில்லை” என்பது மருத்துவப்படியே பிழை. நோயை மாற்ற வழியில்லாமல் போகலாம். நோவைத் தணிக்க, மூச்சுத் திணறலைக் குறைக்க, புண்ணை ஆற்ற, பயத்தைப் போக்க வழி இருக்கிறது. அதற்கென்று ஒரு மருத்துவத் துறையே இருக்கிறது. நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்று அதைச் சொல்கிறோம்.

அந்தத் துறை பிறந்த கதையில் ஓர் அகதி இருக்கிறார் என்பதை மன்னார் மக்கள் அறிய வேண்டும். 1948. இலண்டன் வைத்தியசாலையொன்றில் டேவிட் தாஸ்மா என்ற போலந்து நாட்டு யூதர் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார். உற்றார் உறவினர் எவரும் அருகில் இல்லை. போக ஒரு வீடும் இல்லை. அவரோடு அடிக்கடி பேசிக்கொண்டிருந்தவர் சிசிலி சாண்டர்ஸ் என்ற மருத்துவ சமூகப் பணியாளர். முதலில் தாதியாக இருந்து, முதுகு நோவினால் அந்த வேலையை விட்டவர். சாகிறவர்களுக்கென்று, வீட்டைப் போன்ற ஓர் இடம் வேண்டும் என்று இருவரும் பேசினார்கள். தாஸ்மா தன்னிடமிருந்த 500 பவுணை அவருக்கு எழுதிவைத்தார். அந்த இடத்தில் தன் நினைவாக ஒரு யன்னல் இருக்கட்டும் என்றார். சாண்டர்ஸ் அதன்பிறகு மருத்துவம் படித்து வைத்தியரானார். 19 ஆண்டுகள் கழித்து, 1967இல், இலண்டனில் சென் கிறிஸ்தோபர் ஹொஸ்பிஸைத் திறந்தார். இன்றைய ஹொஸ்பிஸ் இயக்கம் அங்கிருந்துதான் உலகெங்கும் போனது. திறந்த இரண்டே ஆண்டில், 1969இல், அவருடைய தாதியர் வீடு வீடாகப் போகத் தொடங்கிவிட்டார்கள். நோ உடம்பில் மட்டும் இல்லை, மனதிலும் குடும்பத்திலும் விசுவாசத்திலும் இருக்கிறது, எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது அவர் கற்றுத்தந்த பாடம்.

இலண்டன் பணக்கார ஊர், அங்கே எல்லாம் நடக்கும் என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்குக் கேரளத்தைக் காட்டலாம். 1993இல் கோழிக்கோடு அரச மருத்துவக் கல்லூரியில் டொக்டர் எம். ஆர். ராஜகோபால், டொக்டர் சுரேஷ்குமார், தொண்டர் அசோக்குமார் ஆகியோர் ஒரு சின்ன நோத்தணிப்பு கிளினிக்கை ஆரம்பித்தார்கள். நோயாளிகள் குவிந்தார்கள். கொஞ்சக் காலத்தில் ஓர் உண்மை பிடிபட்டது. கிளினிக்குக்கு வர முடிந்தவர்களைவிட, வர முடியாமல் வீட்டில் கிடப்பவர்களே கூடுதலாக உதவி தேவைப்பட்டவர்கள். ஆகவே 1999 அளவில் மலப்புறம் போன்ற மாவட்டங்களில் அயலவர் வலையமைப்பு ஒன்றைக் கட்டினார்கள். வாரத்துக்கு 2 மணி நேரம் தர முடிந்த எவரும் வரலாம் என்றார்கள். ஆசிரியர், கடைக்காரர், மாணவர், ஓய்வூதியர் எல்லாரும் வந்தார்கள். பயிற்சி பெற்று, ஊரில் படுக்கையில் இருப்பவர்களைக் கண்டுபிடித்து, தாதியோடும் வைத்தியரோடும் சேர்ந்து போனார்கள். கடைகளில் வைத்த உண்டியலில் விழுந்த சில்லறைதான் பல இடங்களில் முதல் பணம். நோயாளியின் வீட்டுக்கு அரிசியும், பிள்ளைகளின் படிப்புச் செலவும்கூட அந்தத் தொண்டர்கள் வழியாகவே போயின. 2008இல் கேரள அரசு இதையே தன் கொள்கையாக அறிவித்தது. இன்று ஊராட்சிகளின் வழியாகத் தாதியர் வீடு தேடிப் போகிறார்கள்.

தலைமன்னாரிலிருந்து கடல்வழி ஏறத்தாழ 30 கிலோமீற்றரில் இருக்கும் தமிழ்நாட்டிலும் 2021 ஓகஸ்ட் 5இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கியது. நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளோடு, படுக்கையில் இருப்போருக்கான பராமரிப்பும் அதில் வீட்டுக்கு வருகிறது.

நோய்த்தணிப்பை நாடுவது தோல்வியை ஒப்புக்கொள்வது என்றொரு பயம் நம் குடும்பங்களில் இருக்கிறது. 2010இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் வெளியிட்ட ஆய்வு அந்தப் பயத்துக்கு நல்ல பதில். முற்றிய நுரையீரல் புற்றுநோயுள்ள 151 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. மற்றப் பிரிவுக்கு அதனோடு சேர்த்து ஆரம்பத்திலிருந்தே நோய்த்தணிப்புப் பராமரிப்பு. இரண்டாம் பிரிவினர் மனச்சோர்வு குறைந்து வாழ்ந்தார்கள். அதோடு கூடுதல் காலமும் இருந்தார்கள்: முதற் பிரிவின் நடுமதிப்பு 8.9 மாதம், இவர்களுடையது 11.6 மாதம். ஆகவே கடைசி வாரம் வரை காத்திருந்து இந்த உதவியைத் தேடுவது பெரிய பிழை. நோய் பெரியது என்று தெரிந்த நாளிலேயே கேட்க வேண்டும்.

இனி வீட்டுக்குள் போவோம்.

முதல் விஷயம் மோர்பின். அந்தப் பெயரைக் கேட்டாலே, “அது குடுத்தா ஆள் முடிஞ்சிடும்” என்று சொல்லாத ஊர் இல்லை. சரியான அளவில், நோவுக்குக் கொடுக்கும் மோர்பின் உயிரை எடுப்பதில்லை, ஆளை அடிமையாக்குவதுமில்லை. சாதாரண மோர்பின் குளிசையின் வேலை ஏறத்தாழ 4 மணி நேரம். ஆகவே நோ வந்தபிறகு கொடுக்காமல், மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். இரவில் நோயாளி நித்திரை கொள்ளுகிறாரே என்று ஒரு வேளையைத் தவறவிட்டால், விடியற்காலையில் நோ அவரைப் பிடித்து உலுப்பிவிடும். மோர்பின் மலச்சிக்கலைக் கட்டாயம் கொண்டுவரும். அதனால் முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் கூடவே போக வேண்டும். இதை வீட்டுக்காரருக்கு ஒருவர் இருந்து சொல்லிக் கொடுக்காவிட்டால், மருந்து இருந்தும் பயனில்லை.

மருந்து கிடைப்பதும் சுலபமல்ல. இலங்கையில் 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் மோர்பினைக் கட்டுப்படுத்துகிறது. களவாகப் போகாமல் காக்க அந்தக் கட்டுப்பாடு வேண்டும்தான். ஆனால் கட்டுப்பாட்டின் பாரம் முழுவதும் நோயாளியின் தலையில் விழக்கூடாது. லான்செற் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2017இல் கொடுத்த கணக்கு மனதை வருத்துவது: உலகில் ஓர் ஆண்டில் வழங்கப்படும் மோர்பின் வகை மருந்துகள் 298.5 தொன், அதில் மிக வறிய நாடுகளுக்குப் போவது 0.1 தொன். மோர்பின் மலிவான, பழைய மருந்து. அது ஒருவருக்குக் கிடைக்காமற் போவதற்குக் காரணம் விலை அல்ல. யார் எழுதிக் கொடுப்பது, எங்கே வைப்பது, யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்ற ஒழுங்கு இல்லாததுதான். சிலாவத்துறையிலிருந்தோ முள்ளிக்குளத்திலிருந்தோ ஒரு மகன் கூலியை விட்டு, பஸ் பிடித்து, ஒரு கிழமை மருந்துக்காகப் பெரியாஸ்பத்திரி வாசலில் நிற்பது நியாயமில்லை.

மூச்சுத் திணறலுக்கு உடனே ஒட்சிசன் சிலிண்டரைத் தேடி ஓடுகிறோம். பலருக்கு அது தேவைப்படுவதில்லை. முகத்தில் படும் காற்று திணறல் உணர்வைத் தணிக்கிறது என்பது ஆய்வுகளில் கண்ட உண்மை. நோயாளியைச் சற்று நிமிர்த்தி இருத்தி, யன்னலைத் திறந்து, சோளகக் காற்றை உள்ளே விடுங்கள். மின்சாரம் போனால் பனையோலை விசிறி இருக்கிறது. மிகச் சிறிய அளவு மோர்பினும் திணறலைக் குறைக்கும். அதை வைத்தியர் தீர்மானிப்பார்.

மன்னாரின் வெயிலில் படுக்கைப்புண் சீக்கிரம் வரும். 2 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்கவைத்தால் பெரும்பாலும் வராது. வந்துவிட்டால் கொதித்தாறிய உப்புத் தண்ணீரால் கழுவலாம். புற்றுநோய்ப் புண்ணிலிருந்து வரும் மணம்தான் பல வீடுகளில் நோயாளியைத் தனி அறையில் தள்ளிவிடுகிறது. பேரப்பிள்ளைகள்கூடக் கிட்டப் போவதில்லை. மெட்ரோனிடசோல் குளிசையைத் தூளாக்கிப் புண்ணில் தூவினால் அந்த மணம் நன்றாகக் குறைந்துவிடும். சில ரூபாய் பெறுமதியான வேலை. வைத்தியரிடம் கேட்டுச் செய்யலாம். ஒரு தாத்தாவின் மடிக்குப் பேரன் திரும்பிவர அது போதும்.

சாப்பாடு பற்றித்தான் நம் பெண்கள் அதிகம் அழுகிறார்கள். “ஒரு வாய் கஞ்சியும் குடிக்கிறார் இல்லை” என்று. கடைசி நாட்களில் உடம்பு சாப்பாட்டைக் கேட்பதில்லை; செரிக்கவும் அதனால் முடியாது. வாயைத் திறந்து ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் வேறு துன்பம் வரும். அவர் கேட்டால் கொடுங்கள். கேட்காவிட்டால் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டையும் வாயையும் ஈரமாக வைத்திருங்கள். கடைசி மணித்தியாலங்களில் தொண்டையில் கரகரப்புச் சத்தம் வரும். கேட்பவருக்குப் பயங்கரமாக இருந்தாலும், அந்நேரம் மயக்கத்தில் இருக்கும் நோயாளி அதை உணர்வதில்லை என்றே வைத்தியர்கள் கருதுகிறார்கள். ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்தால் குறையும். இந்தச் சத்தத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவைத்த குடும்பம் அம்புலன்சைக் கூப்பிடுவதில்லை. பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொள்கிறது.

வீட்டில் இறந்தால் பொலிஸ் வரும், பிரேதத்தை அறுப்பார்கள் என்ற பயமும் பலரைக் கடைசி நேரத்தில் வைத்தியசாலைக்கு ஓடவைக்கிறது. மரண விசாரணை திடீர் மரணத்துக்கும் சந்தேகமான மரணத்துக்கும் உரியது. நீண்டநாள் நோயால் வீட்டில் நிகழும் இயற்கை மரணத்தைக் கிராம அலுவலருக்கு அறிவித்து, அவருடைய அறிக்கையோடு பதிவாளரிடம் பதியலாம். நோய் விபர அட்டையையும் கிளினிக் கொப்பியையும் பத்திரமாக வைத்திருங்கள். நோயாளி வீட்டுக்கு வந்த கிழமையே கிராம அலுவலருக்கு ஒரு சொல் சொல்லி வைப்பதும் நல்லது.

இந்த வேலையெல்லாம் யார் செய்கிறார்கள்? மனைவி, மூத்த மகள், மருமகள். பேசாலையிலும் வங்காலையிலும் பள்ளிமுனையிலும் விடியமுன் மீன் பிரித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, பிறகு மாமனைக் கழுவித் துடைத்து, இரவில் 2 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழும்பிப் பக்கம் மாற்றுகிற பெண் எத்தனை நாளைக்குத் தாங்குவாள்? அவள் விழுந்தால் வீட்டுப் பராமரிப்பும் விழுந்தது. ஆண்கள் இதைப் பெண்ணின் கடமை என்று விட்டுவிட்டுத் திண்ணையில் இருப்பது சரியல்ல. தகப்பனைத் தூக்கி இருத்த மகனின் தோள் வேண்டும். மருந்து கொடுக்கும் இரவு முறையில் பாதி அவனுடையது.

அடுத்தது, மறைப்பது. “அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ” என்று எல்லாரும் வைத்தியரிடம் கெஞ்சுகிறோம். அப்பாவுக்கோ எப்போதோ தெரிந்துவிட்டது. அவரும் பிள்ளைகளுக்காகத் தெரியாததுபோல் இருக்கிறார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் ஏமாற்றுகிற அந்த மாதங்களில், காணி உறுதி எங்கே, யாருக்கு என்ன கடன், எந்த மகளோடு பேச வேண்டும் என்பதெல்லாம் பேசப்படாமல் போகிறது. அவர் எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று அவரிடமே மெல்லக் கேட்பதுதான் முறை. கனடாவிலும் பாரிஸிலும் இருந்து தொலைபேசியில், “தீவிர சிகிச்சைப் பிரிவில போடுங்கோ, காசு நான் அனுப்புறன்” என்று சொல்லும் பிள்ளைகளும் இதில் சேர வேண்டும். அவர்களுடைய பாசத்தில் குறை இல்லை. தூரத்தில் இருப்பவரின் தவிப்பு பெரிய சிகிச்சையைக் கேட்பது உலகெங்கும் உள்ளது. 1991இல் அமெரிக்க முதியோர் மருத்துவ இதழொன்று இதைப் பற்றித் தனிக் கட்டுரையே வெளியிட்டது. அந்தப் பிள்ளைகளுக்கு நோயாளியின் விருப்பத்தை அவருடைய வாயாலேயே கேட்கச் செய்யுங்கள். அனுப்பும் காசு காற்று மெத்தைக்கும், இரவில் துணைக்கு இருப்பவரின் சம்பளத்துக்கும் போகட்டும்.

வீடு என்று சொல்வது மன்னாரில் எல்லாருக்கும் ஒரே பொருளல்ல. 1990 ஒக்ரோபரில் வடக்கின் முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எருக்கலம்பிட்டியும் தாராபுரமும் வெறுமையாயின. அங்கிருந்தவர்கள் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போனார்கள். பலர் அங்கேயே முதுமையடைந்தார்கள். அதே போரில் படகேறியவர்கள் மண்டபம் முகாமிலும் தமிழ்நாட்டின் மற்ற முகாம்களிலும் கிழவர்களானார்கள். கடைசியில் எந்த மண்ணுக்குக் கொண்டுபோவது என்ற கேள்வி அந்தக் குடும்பங்களுக்கு உண்டு. வீட்டுப் பராமரிப்புத் திட்டம் ஒன்று வரும்போது, நிரந்தர முகவரியைக் கேட்டு ஆளைத் திருப்பி அனுப்பாமல், அவர் எங்கே படுத்திருக்கிறாரோ அங்கே போக வேண்டும்.

மதத் தலைவர்களின் பங்கு இங்கே பெரிது. குருவானவர் நோயில்பூசுதலுக்கு வரும்போதும், பள்ளிவாசலிலிருந்து ஒருவர் யாசீன் ஓத வரும்போதும், திருக்கேதீச்சரத்துத் திருநீற்றோடு ஓதுவார் வரும்போதும் அந்த வீட்டின் பயம் குறைகிறது. ஒரு வேண்டுகோள்: கடைசி மணித்தியாலம் வரை காத்திராமல், முன்கூட்டியே வாருங்கள். பேச அவருக்குச் சக்தி இருக்கும்போதே வாருங்கள். “ஃபாதர் வந்திட்டார், அப்ப முடியப்போகுது” என்று நோயாளி மிரளும் வழக்கம் மாற வேண்டும்.

இப்போது அரசின் பக்கம். இலங்கை சுகாதார அமைச்சு 2019 முதல் 2023 வரையான நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கான தேசிய வியூகச் சட்டகத்தை வெளியிட்டது. வைத்தியசாலையோடு நில்லாமல் சமூகத்துக்கும் வீட்டுக்கும் பராமரிப்புப் போக வேண்டும் என்பது அதன் நோக்கம். நமக்கு அதற்கான பாதை புதிதல்ல. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து, குடும்பநல மாது கர்ப்பிணியின் வீட்டைத் தேடிப் போகிறார். பிரசவித்த தாயையும் பிள்ளையையும் வீட்டிலேயே பார்க்கிறார். தாய், சேய் மரணத்தைக் குறைத்ததில் இலங்கைக்கு உலகில் கிடைத்த பெயர் அந்த நடையால் வந்தது. வாழ்வின் தொடக்கத்தில் படலையைத் திறந்துகொண்டு வரும் அரசு, முடிவில் ஏன் வரக்கூடாது? குடும்பநல மாதின் தலையில் இதையும் ஏற்றச் சொல்லவில்லை. அவருக்கு இருக்கும் வேலையே கூடுதல். இதற்கென்று பயிற்சி பெற்ற தாதி வேண்டும்.

மன்னார் மாவட்டத்தில் 5 பிரதேச செயலகப் பிரிவுகள்: மன்னார் நகரம், நானாட்டான், முசலி, மாந்தை மேற்கு, மடு. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மக்கள் தொகை ஏறத்தாழ ஒரு லட்சம். ஒரு பிரிவுக்கு ஒரு தாதியாக 5 பேர், அவர்களுக்குப் பின்னால் மாவட்டப் பொது வைத்தியசாலையில் பயிற்சி பெற்ற ஒரு வைத்தியர், இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி இலக்கம், பிரதேச வைத்தியசாலைகளில் பூட்டிய அலுமாரியில் மோர்பின். இது பெரிய கட்டடம் கேட்கிற கோரிக்கை அல்ல. மகரகமவிலோ தெல்லிப்பழையிலோ துண்டு வெட்டும் அன்றே, அந்தப் பிரிவின் தாதிக்கு ஓர் அழைப்புப் போக வேண்டும். வான் பாலத்தைத் தாண்ட முன்னரே வீட்டில் அவர் காத்திருக்க வேண்டும். பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையும் மாகாண சுகாதார அமைச்சும் இதைச் செய்யலாம். செய்ய வேண்டும் என்று இந்தச் சபை கேட்க வேண்டும்.

ஊரார் செய்யக்கூடியதற்கு அரசைப் பார்த்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு கோவிலும் பள்ளிவாசலும் ஆலயமும் ஒரு மடிப்புக் கட்டில், ஒரு காற்று மெத்தை, ஒரு சில்லு நாற்காலி, ஒரு மலசலக் கதிரை வாங்கி வைத்து, தேவைப்படும் வீட்டுக்கு இரவல் கொடுக்கலாம். கடற்றொழிலாளர் சங்கம், நோயாளியைப் பார்க்க நிற்கும் உறுப்பினருக்கு ஒரு சிறு தொகை ஒதுக்கலாம்.

மலப்புறத்து மக்களிடம் கேட்டது வாரத்துக்கு 2 மணி நேரம். அதையே மன்னாரிலும் கேட்கிறோம். தர முடிந்தவர்கள் இந்தக் கிழமையே உங்கள் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய்ப் பெயரைக் கொடுங்கள். உங்கள் ஒழுங்கையில் படுக்கையில் இருப்பவர் யார் என்பதையும், வீட்டாரின் சம்மதத்தோடு, அங்கே சொல்லிவிட்டு வாருங்கள்.